நாற்பது லட்சம் ரூபாயும் நானூறு ஊழியர்களும்: கல்விக்கு எதைக் கொடுப்பது?

ஆலோசனை, வரி, கணக்குத் தணிக்கை என்று அறிவை விற்றுத் தொழில் செய்யும் நிறுவனங்களில் ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பேச்சு வரும். சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) பணம் இவ்வளவு இருக்கிறது, ஊழியர்களும் ஏதாவது செய்யலாம் என்கிறார்கள், கல்விக்கே கொடுத்துவிடுவோம். கல்வி என்றால் யாரும் மறுப்பதில்லை. அதனாலேயே அதற்குமேல் யாரும் அதிகம் யோசிப்பதும் இல்லை. இயக்குநர் ஒருவருக்குத் தெரிந்த பள்ளியில் ஒரு ஸ்மார்ட் வகுப்பறை, ஒரு சனிக்கிழமை சுவருக்கு வண்ணம், ஆண்டறிக்கையில் இரண்டு படங்கள். அத்தோடு அந்த ஆண்டு முடிந்துவிடும்.

இந்த முடிவை எடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சென்னையில் இருக்கும் ஒரு நடுத்தர ஆலோசனை நிறுவனத்தை மனதில் வைத்துக்கொள்வோம். கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபம் 20 கோடி ரூபாய். சட்டப்படி அதில் 2 சதவீதம், அதாவது 40 லட்சம் ரூபாய் சமூகப் பணிக்குப் போக வேண்டும். வேலை செய்பவர்கள் நானூறு பேர். இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் நடுவே சில ஆண்டுகளாக வேலை செய்ததில் எனக்கு ஒரு தெளிவு வந்திருக்கிறது. சின்ன வகுப்புகளுக்குப் பணத்தை அனுப்புங்கள், ஆட்களை அனுப்பாதீர்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ வணிகவியல் பிரிவுக்கு ஆட்களை அனுப்புங்கள். கருவி வாங்கிக் கொடுப்பதைக் கடைசியில் வையுங்கள். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் சட்டம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றை எட்டினாலும் கம்பெனி இந்தப் பிரிவுக்குள் வந்துவிடும். ஆலோசனை நிறுவனங்கள் பெரும்பாலும் லாபக் கணக்கில்தான் உள்ளே வருகின்றன. ஆடிட்டர் நிறுவனங்கள் கூட்டாண்மையாகவோ எல்.எல்.பி.யாகவோ (வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மை) இருப்பதால் இந்தச் சட்டம் அவற்றைக் கட்டாது. அவை கொடுப்பது முழுக்க விருப்பத்தின் பேரில். கீழே சொல்வதில் பாதி அவற்றுக்கும் பொருந்தும், அதுவும் விதிகளின் தொல்லை இல்லாமல்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பாதிக்கிற விதிகள் மூன்று. ஊழியர்கள் பள்ளிக்குப் போய் வேலை செய்தால் அந்த நேரத்துக்கு விலை போட்டு சி.எஸ்.ஆர். செலவாகக் காட்ட முடியாது. கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் தந்த விளக்கம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே 40 லட்சம் தனிக் கணக்கு, ஊழியர்களின் நேரம் தனிக் கணக்கு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் குறைக்க வழியில்லை. அடுத்து, நிறுவனத்துக்கு விளம்பரப் பலன் தேடும் நன்கொடைகள் சி.எஸ்.ஆர். ஆகாது. மேடை முழுக்க நிறுவனத்தின் பெயர் பொறித்த விழாக்களுக்குப் பணம் கொடுக்கும் முன் இதை நினைவில் வைக்க வேண்டும். மூன்றாவது, நிறுவனத்தின் சொந்த நிர்வாகச் செலவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நம் உதாரணத்தில் அது 2 லட்சம். அந்தப் பணத்தில் முழுநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவரை வைக்க முடியாது. எனவே களத்தில் நின்று வேலை செய்யும் ஆள் தொண்டு நிறுவனத்தின் பக்கம்தான் இருக்க வேண்டும், அவருடைய சம்பளம் திட்டச் செலவில் வர வேண்டும்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய சிக்கலாகப் படுவது நாட்காட்டி. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. செலவாகாத பணம் ஜனவரி கடைசியில் யாருடைய கண்ணிலாவது படும். பிப்ரவரியில் கூட்டம் போடுவார்கள், மார்ச்சில் பள்ளிக்குப் போய் நிற்பார்கள். அப்போது அங்கே பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்துகொண்டிருக்கும். தலைமையாசிரியர் வினாத்தாள் கட்டுகளையும் தேர்வறைக் கண்காணிப்பாளர்களையும் பார்ப்பாரா, வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பாரா? இந்த நேரத்தில் பள்ளி ‘சரி’ என்று சொல்லக்கூடியது ஒன்றுதான்: உடனே இறக்கிவிட்டுப் போகக்கூடிய பொருள். மார்ச் மாதத்தில் இவ்வளவு ஸ்மார்ட் போர்டுகள் வாங்கப்படுவதற்கு இதுதான் காரணம். பள்ளி கேட்டு நடப்பதில்லை.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. திட்டத்தை ‘தொடர் திட்டம்’ என்று இயக்குநர் குழு முன்கூட்டியே அறிவித்துவிட்டால், மிச்சப் பணத்தை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கலாம். தொடர் திட்டமாக இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள் அட்டவணை ஏழில் உள்ள அரசு நிதிகளில் ஏதாவது ஒன்றுக்கு அனுப்பிவிட வேண்டும். ஆண்டுக் கடமை 50 லட்சத்தைத் தாண்டாத நிறுவனத்துக்குத் தனி சி.எஸ்.ஆர். குழு கூட வேண்டாம், இயக்குநர் குழுவே தீர்மானம் போடலாம்; மிச்சப் பணம் அந்தத் தனி வங்கிக் கணக்கில் இருக்கும்வரை மட்டும் குழு வேண்டும். ஒரு பக்கத் தீர்மானத்தில் மார்ச் அவசரம் போய்விடும். இதைச் செய்யாத நிறுவனம் வேறு எதைச் செய்தாலும் அரைகுறையாகத்தான் செய்யும் என்று நினைக்கிறேன்.

இனி வழிகள். பொருள் கொடுப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

சென்னையை ஒட்டிய ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் பார்த்தது இது. ஒரு நிறுவனம் கொடுத்த ப்ரொஜெக்டரும் திரையும் கொண்ட வகுப்பறை. யு.பி.எஸ். பேட்டரி வீங்கிப்போய் ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. ரிமோட் தலைமையாசிரியர் அறை பீரோவில், தொலைந்துவிடக் கூடாதே என்று பூட்டி வைக்கப்பட்டிருந்தது. பழுது பார்க்க வேண்டிய கடையின் எண் ஸ்டிக்கரில் இருந்தது, கூப்பிட்டால் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். கொடுத்த நிறுவனத்தில் அப்போது பொறுப்பிலிருந்தவர் வேலை மாறிப் போயிருந்தார். ஆசிரியர்கள் மேல் குற்றம் இல்லை. பேட்டரி மாற்ற அவர்கள் யாரிடம் பணம் கேட்பார்கள்? கருவியின் விலையோடு ஐந்து ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடாத எந்த நன்கொடையும் இந்த அறைக்குத்தான் வந்து சேரும்.

கருவியே பயனற்றது என்று சொல்லவில்லை. பெரு நாட்டின் கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்துவிட்டு 15 மாதம் கழித்துச் சோதித்தபோது, கணக்கிலோ மொழிப்பாடத்திலோ முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. அதே சமயம் குஜராத்தின் வடோதராவில், பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகளைக் கணினியில் கொடுத்தபோது கணக்கு மதிப்பெண் நன்றாகவே ஏறியது. அங்கே கணினி என்ன செய்யப்போகிறது, யார் பக்கத்தில் இருப்பார், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருந்தது. நம் நன்கொடைகளில் பெரும்பாலும் இந்த மூன்றுக்கும் பதில் இருப்பதில்லை.

கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் போன்றவை வேறு வகை. கழிப்பறை இல்லாத பள்ளியில் வேறு எதைப் பற்றியும் பேசுவதில் பொருளில்லை. அப்படிக் கொடுக்க விரும்பினால், தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாகக் கொடுப்பது நல்லது. எந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், ஒரே பள்ளிக்கு மூன்று பேர் ஒரே பொருளைக் கொடுப்பதும் குறையும். ஆனால் 40 லட்சத்தில் கட்டடம் கட்டப் போனால் ஒன்றிரண்டு பள்ளிகளோடு பணம் தீர்ந்துவிடும். உற்பத்தி ஆலைகளிடம் இதைவிடப் பெரிய தொகை இருக்கிறது, கட்டுமானம் தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்யட்டும்.

இரண்டாவது வழி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் வர வைப்பது. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தை எழுத்துக் கூட்டி வாசிக்க முடியவில்லை என்றால், அதற்குமேல் நடத்துகிற எந்தப் பாடமும் அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேராது. இங்கே என்ன வேலை செய்யும் என்பது ஓரளவு தெளிவாகவே தெரிந்த விஷயம். மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் 2003 வரை பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது. 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து அதை அளந்தார்கள். மதிப்பெண் ஏறியது. மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்குத்தான் அதிகம் ஏறியது. செலவு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 2.25 டாலர்.

இதைவிட நெருக்கமான சான்று நம்மிடமே இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், தெருவிலேயே இருக்கும் படித்த பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கிராமப்புறத் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு ஒன்று, பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டதென்றும், அந்த மீட்சியில் 24 சதவீதத்துக்கு இந்த மாலை வகுப்புகளே காரணம் என்றும் கணக்கிட்டது. மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கிய ஒரு பெண், தினமும் அதே திண்ணையில் அதே பிள்ளைகளோடு உட்கார்ந்ததற்குக் கிடைத்த பலன் இது.

நம் நிறுவனத்து ஊழியர்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வருவார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு ‘ண’வும் ‘ன’வும் குழம்பினால் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பிள்ளையின் பெயரைக் கற்றுக்கொள்வதற்குள் அந்த ஆண்டே முடிந்துவிடும். அன்பு குறைவு என்று சொல்லவில்லை. வாசிப்பு தினசரிப் பழக்கத்தில்தான் வரும், அந்தத் தினத்தை நம்மால் கொடுக்க முடியாது. நாம் கொடுக்க முடிந்தது அந்தத் தெருப் பெண்ணின் ஊக்கத்தொகை, அவருக்குப் பயிற்சி, கதைப் புத்தகங்கள். ஆகவே பணத்தின் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும், மூன்று ஆண்டுக்கு ஒரே தொண்டு நிறுவனம் வழியாக.

அந்தத் தொண்டு நிறுவனத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? சி.எஸ்.ஆர்.-1 (சி.எஸ்.ஆர். பணம் பெறுவதற்கான) பதிவு, வருமான வரிப் பதிவுகள், மூன்று ஆண்டு அனுபவம், இவை சட்டம் கேட்பவை. அவற்றை நம் ஆட்கள் சுலபமாகவே சரிபார்த்துவிடுவார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு. சென்ற ஆண்டு உங்கள் மையங்களில் எத்தனை மூடின, ஏன் மூடின? வகுப்பெடுக்கும் பெண் பேறுகால விடுப்பில் போனால் அந்த இடத்தில் யார் வருகிறார்கள்? பிள்ளைகளின் வாசிப்பை யார் சோதிக்கிறார்கள், சொல்லிக்கொடுத்தவரேவா, வேறு ஒருவரா? மூடிய மையத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறவர்களை நம்பலாம். எல்லாமே நன்றாக நடக்கிறது என்பவர்களோடு இன்னும் கொஞ்சம் பேசிப் பார்க்க வேண்டும். முடிந்தால் முன்னறிவிப்போடு ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை மையத்துக்குப் போய்ப் பாருங்கள்.

சரி, நானூறு ஊழியர்கள்? அவர்கள் ஆசையை எங்கே கொண்டுபோவது?

பள்ளிகளுக்குள் வெளியாட்கள் நுழைவது இப்போது முன்போல இல்லை. சென்னை அரசுப் பள்ளிகளில் வெளியிலிருந்து வந்த ஒரு பேச்சாளர் பேசிய பேச்சு 2024 செப்டம்பரில் பெரும் சர்ச்சையாகி, கைது வரை போனது. அதன் பிறகு தலைமையாசிரியர்கள் யாரையும் சும்மா மேடையேற்றத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி, வருகிறவர்களின் பெயர்ப் பட்டியல், ஆசிரியர் ஒருவர் எப்போதும் அறையில் இருப்பது, பிள்ளைகளின் படங்களை எங்கும் போடாமல் இருப்பது, போக்சோ சட்டம் பற்றி ஊழியர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு. இவ்வளவும் இல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள். இந்த வேலையெல்லாம் ஒரு நாள் வருகைக்குச் செய்ய முடியாது. அதனால்தான் ஒரு நாள் வருகைகளை நிறுத்திவிடலாம் என்கிறேன்.

அதற்குப் பதில், அரசு மேல்நிலைப் பள்ளிகளின் வணிகவியல் பிரிவு. அறிவியல் பிரிவுக்கு நீட் பயிற்சி, உயர்கல்வி வழிகாட்டல் என்று கவனிக்க ஆள் இருக்கிறார்கள். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் படிக்கும் பிள்ளைகளைப் பெரும்பாலும் ‘மார்க் குறைந்தவர்கள்’ என்றே பார்க்கிறார்கள். ஆனால் நம் நிறுவனத்தில் உட்கார்ந்திருக்கும் நானூறு பேரில் பாதிப்பேர் படித்தது அதைத்தானே! பேரேடும் இருப்பாய்வும் அவர்களின் தினசரி வேலை. வேறு எந்தத் துறையின் ஊழியர்களாலும் கொடுக்க முடியாத ஒன்று இங்கே அவர்களிடம் இருக்கிறது.

ஒரு வகுப்பில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வந்திருந்த ஊழியர் பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. உங்கள் தெருவில் இருக்கும் ஒரு கடையின் ஒரு நாள் வரவு செலவை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று முந்தைய முறையே சொல்லியிருந்தார். ஒரு மாணவி தன் அப்பாவின் மளிகைக் கடைக் கணக்கைக் கொண்டுவந்திருந்தாள். “சார், அப்பா தினமும் கடையிலிருந்து வீட்டுக்கு ஒரு பால் பாக்கெட் எடுத்துட்டு வருவார். காசு போட மாட்டார். அதை எதுல எழுதுறது?” வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. உரிமையாளர் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்வது, அதுதான் உங்கள் புத்தகத்தில் இருக்கும் எடுப்புகள் என்றார். அந்த மாணவி நோட்டில் ‘எடுப்புகள்’ என்று எழுதி, பக்கத்தில் ‘பால்’ என்று எழுதிக்கொண்டாள். மாதக் கடைசியில் கடையில் ஏன் பணத் தட்டுப்பாடு வருகிறது என்று அடுத்த கேள்வி அவளிடமிருந்தே வந்தது. எட்டு ஆண்டு ஆடிட் அனுபவம் உள்ள ஒருவரால் இதைச் சுலபமாகச் செய்ய முடிகிறது.

இரண்டாவதாக அவர்கள் கொடுக்கக்கூடியது வழி. சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) என்ற படிப்பு இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியும், அதற்குள் எப்படிப் போவது என்பது தெரியாது. முதல் நிலையான பவுண்டேஷனில் நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். 2024 முதல் ஆண்டுக்கு மூன்று முறை எழுதலாம். 2023இல் வந்த புதிய முறையில் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற வேலைப் பயிற்சி இரண்டு ஆண்டாகக் குறைந்திருக்கிறது. ஆனால் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு இது பெரிய தடை, அதை மறைத்து உற்சாகப் பேச்சு பேசுவது தவறு. என் பரிந்துரை, பெரும்பாலான பிள்ளைகள் முதலில் பி.காம். முடித்துவிட்டு, 55 சதவீதத்தோடு பவுண்டேஷன் இல்லாமல் நேரடியாக அடுத்த நிலையான இன்டர்மீடியட்டுக்குப் போவதுதான் பத்திரமான வழி. கையில் பட்டம் இருக்கும், ஆங்கிலம் பழக மூன்று ஆண்டு கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். சி.ஏ. வேண்டாம் என்பவருக்கு சி.எம்.ஏ. (செலவுக் கணக்கியல்), கம்பெனி செக்ரட்டரி, வங்கித் தேர்வு, டேலி மென்பொருள் தெரிந்த கணக்காளர் வேலை என்று எல்லாமே மரியாதையான வழிகள்தான். இதைச் சொல்ல அந்தப் பாதையில் நடந்தவர் வேண்டும்.

எப்போது தொடங்குவது? பிளஸ் ஒன்னில். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டதால் அந்த ஆண்டில் பிள்ளைகளுக்கு மூச்சுவிட நேரம் இருக்கிறது. பிளஸ் டூவில் புதிதாக நுழைந்தால் பள்ளி இடம் தராது, தரவும் கூடாது.

இதில் உள்ள பெரிய ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் வராமல் போய்விடுவார்கள். வரித் தணிக்கைக்குக் கெடு செப்டம்பர் 30, அதே மாதத்தில்தான் காலாண்டுத் தேர்வு. ஏப்ரல், மே மாதங்களில் ஆண்டுக் கணக்குத் தணிக்கை. வாடிக்கையாளர் கூப்பிட்டால் பள்ளிதான் விடுபடும். ஒரு குழுவுக்கு ஒருவரை மட்டும் போட்டால் ஆகஸ்டுக்குள் அது கலைந்துவிடும், நான் பலமுறை பார்த்ததுதான். வராத அண்ணனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாம் எதுவும் செய்யாமலே இருந்திருக்கலாம். ஆகவே பத்து மாணவருக்கு இரண்டு ஊழியர், அதுவும் வேறு வேறு துறையிலிருந்து, ஒருவருடைய வேலை நெருக்கும் மாதத்தில் இன்னொருவர் கொஞ்சம் ஓய்வாக இருக்கும்படி. மாதம் இரண்டு சந்திப்பு. நானூறு பேரில் நாற்பது பேர் போதும். மேலதிகாரி அந்த மணி நேரத்தை வேலை நேரமாகவே ஒத்துக்கொள்ள வேண்டும். சட்டம் அதற்கு வரவு தராது என்றாலும் நிறுவனம் தர வேண்டும். தராத நிறுவனம் இதைத் தொடங்கவே வேண்டாம்.

கல்வி உதவித்தொகை நல்ல வழிதான், ஆனால் இரண்டு இடத்தில் பிசகுகிறது. முதலாவது, எல்லாரும் முதல் மதிப்பெண் எடுத்தவரையே தேடிப் போகிறார்கள். அவருக்கு நான்கு இடத்திலிருந்து பணம் வரும். 60, 65 சதவீதம் எடுத்துவிட்டு, அப்பா இல்லாத வீட்டில், கடைக்கு வேலைக்குப் போய்விடலாமா என்று யோசிக்கும் பிள்ளையை யாரும் கேட்பதில்லை. யாருக்குக் கொடுப்பது என்பதை மதிப்பெண் பட்டியலைவிட வகுப்பாசிரியர் நன்றாகச் சொல்வார். இரண்டாவது, நேரம். பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. கல்லூரியில் இடம் கிடைத்தால் சில நாட்களுக்குள் கட்டணம் கட்ட வேண்டும், விடுதி முன்பணம் வேண்டும், பஸ் பாஸ், ஒரு போன். நம் உதவித்தொகை விண்ணப்பம், நேர்காணல், ஒப்புதல் எல்லாம் முடிந்து அக்டோபரில் போகும். அதற்குள் குடும்பம் வட்டிக்கு வாங்கியிருக்கும், இல்லை பிள்ளை வேலைக்குப் போயிருக்கும். நம் ஊழியர்கள் இரண்டு ஆண்டாகப் பழகிய பிளஸ் டூ பிள்ளைகளிலிருந்தே ஏப்ரலிலேயே பெயர்களை முடிவுசெய்து, மே மாதம் பணத்தைத் தயாராக வைத்திருந்தால் இந்த இரண்டு குறையும் தீரும். இதற்காகவும் சேர்த்துத்தான் வழிகாட்டலையும் உதவித்தொகையையும் ஒரே இடத்தில் வைக்கச் சொல்கிறேன். பெற்ற பிள்ளை பின்னால் நம் நிறுவனத்தில்தான் சேர வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் எந்த வடிவிலும் கூடாது.

இன்னொரு வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது பணம் கேட்காது. மாலை வகுப்பு நடத்தும் சின்ன அறக்கட்டளைகள் கணக்கு வேலையில் திணறுகின்றன. நன்கொடையாளர் விவரம் அடங்கிய படிவம் மே 31க்குள், தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30க்குள், வெளிநாட்டு நன்கொடை வாங்கினால் ஆண்டுக்கணக்கு டிசம்பர் 31க்குள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவுப் புதுப்பிப்பு. பிள்ளைகளோடு இருக்க வேண்டியவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நம் வரிப் பிரிவில் இரண்டு பேர் இதைக் கட்டணமில்லாமல் செய்து கொடுத்தால் அந்த அமைப்புக்கு அது பெரிய நிம்மதி. சி.எஸ்.ஆர். கணக்கில் வராது, பரவாயில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: நாம் பணம் கொடுக்கும் அமைப்பின் கணக்கை நாமே தணிக்கை செய்யக்கூடாது. வேறு நிறுவனத்தோடு மாற்றிக்கொள்ளுங்கள். அதேபோல, கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பள்ளிக்கு வரும் நிதியின் கணக்கைப் படிக்க அவர்களுக்கு ஒரு மாலை சொல்லிக்கொடுத்தால், கேள்வி கேட்கும் தைரியம் வரும்.

ஆகவே என் கணக்கு இப்படி. 40 லட்சத்தில் 26 லட்சம் தொடக்க வகுப்புகளின் வாசிப்புக்கு. 8 லட்சம் உதவித்தொகைக்கு, ஆளுக்கு 40,000 என்று இருபது பிள்ளைகள். 4 லட்சம் வழிகாட்டல் செலவுக்கு: போக்குவரத்து, பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி, வணிகவியல் புத்தகங்கள், ஆங்கிலப் பயிற்சி. மிச்சம் 2 லட்சம் நிர்வாகம். கருவிக்கு ஒன்றுமில்லை. உங்கள் ஊரில் பள்ளிக்குத் தண்ணீர் இல்லை என்றால் முதல் ஆண்டு அதைச் செய்துவிட்டு இதைத் தொடங்குங்கள். ஆடிட்டர் எல்.எல்.பி.யாக இருந்து மொத்தமே 5 லட்சம்தான் என்றால், வாசிப்பை விட்டுவிட்டு வழிகாட்டலும் உதவித்தொகையும் மட்டும் போதும்.

அளவுகோல் பற்றி இயக்குநர்கள் கேட்பார்கள். உலகளாவிய பெரிய நிறுவனங்கள் பெரிய எண்களைச் சொல்கின்றன. டெலாய்ட் 2030க்குள் 10 கோடிப் பேரையும், ஈ.ஒய். 100 கோடிப் பேரையும் எட்டப்போவதாக அறிவித்திருக்கின்றன. பல நாடுகளில் லட்சக்கணக்கான ஊழியர்களை வைத்திருப்பவர்களின் கணக்கு அது. நமக்கு அது பொருந்தாது. 200 பிள்ளைகள் இரண்டு ஆண்டு நம்மோடு இருந்தார்களா, அதில் எத்தனை பேர் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலும் தொடர்கிறார்கள், மாலை மையத்தில் எத்தனை பிள்ளைகள் ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறார்கள். இந்த மூன்று எண்ணும் ஒரு தாளில் அடங்கும். தாக்க மதிப்பீடு செய்யும் கட்டாயம் சராசரியாக ஆண்டுக்கு 10 கோடியோ அதற்கு மேலோ சி.எஸ்.ஆர். கடமை உள்ள கம்பெனிகளுக்குத்தான். நாம் அதற்காகத் தனியாக ஒரு ஆலோசகரை வைத்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

நாள் குறித்துக்கொள்ள வேண்டுமென்றால்: தொடர் திட்டத் தீர்மானம் ஜனவரிக்குள். தொண்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் பிப்ரவரியில். மார்ச்சில் பள்ளிப் பக்கம் போக வேண்டாம். ஏப்ரலில் முதன்மைக் கல்வி அலுவலருக்குக் கடிதம், நாற்பது பேரின் பெயர்ப் பட்டியலோடு. மே மாதம் ஊழியர்களுக்குப் பயிற்சி. ஜூனில் பிளஸ் ஒன் சேர்க்கை முடிந்து வருகைப்பதிவேட்டில் பெயர்கள் ஏறிய பிறகு முதல் சந்திப்பு, அதற்கான கிழமையைத் தலைமையாசிரியர் சொல்லட்டும்.